டீசல் வண்டியின் எரிபொருள் பாகங்களுக்கு ரீகால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார், எஸ்.யு.வி., பிக்கப், வேன் என்று காமன் ரெயில் டீசல் இன்ஜின் உள்ள எந்த வண்டிக்கும் கீழே உள்ளவை பொருந்தும். இந்த வகை இன்ஜினில் ஹை பிரஷர் பம்பு டீசலை அழுத்தி 'ரெயில்' என்ற பொதுக் குழாயில் தேக்கும்; அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும். சட்டம் பற்றிய பகுதி இந்தியாவுக்கு உரியது. நடந்த சம்பவங்களில் பெரியவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே ஆவணங்கள் பொதுவெளியில் கிடைப்பதால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று தெளிவாகப் பார்க்க முடிகிறது.

வாரண்டி இருக்கிறதே, ரீகால் எதற்கு?

இரண்டும் வேறு. வாரண்டி உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். காலமும் கிலோமீட்டரும் முடிந்தால் அதுவும் முடிந்தது. ரீகால், ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகள் எல்லாவற்றிலும் ஒரே குறை இருக்கிறது, அது ஆபத்தானது என்று கண்டறிந்த பிறகு கம்பெனி தானாகவோ அரசு சொல்லியோ எடுக்கும் நடவடிக்கை. உங்கள் வண்டி இன்னும் கெடவே இல்லை என்றாலும் அதில் சேரும். வாரண்டி முடிந்திருந்தாலும் சேரும். வேலைக்கும் பாகத்துக்கும் காசு கிடையாது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ரீகாலுக்கு அளவுகோல் செலவு அல்ல, ஆபத்து. பம்பு போய் இரண்டு லட்சம் செலவு என்பது உங்களுக்கு இடி விழுந்த மாதிரி இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது பணப் பிரச்சினை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டி சட்டென்று நின்றது என்பதுதான் பாதுகாப்புப் பிரச்சினை. புகார் எழுதுகிற பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

டீசல் பகுதியில் எந்தக் குறைகளுக்கு ரீகால் வந்திருக்கிறது?

பெரும்பாலும் இரண்டு வகை: டீசல் வெளியே கசிவது, இன்ஜினுக்கு டீசல் போகாமல் வண்டி நிற்பது.

கசிவுக்கு நல்ல உதாரணம் ஃபோக்ஸ்வாகன். 2011 அக்டோபரில் அமெரிக்காவில் 2 லிட்டர் டி.டி.ஐ. இன்ஜின் உள்ள ஜெட்டா, கோல்ஃப், ஆடி ஏ3 என ஏறத்தாழ 1,68,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இரண்டாவது சிலிண்டர் இன்ஜெக்டருக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பில் விரிசல். இன்ஜெக்டர் திறந்து மூடும்போதெல்லாம் பைப்புக்குள் அழுத்தம் துடிக்கிறது. அந்தத் துடிப்பும் பைப்பின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனதால் நாளடைவில் இரும்பு களைத்து வெடித்தது. அதிர்வைத் தாங்கும் டாம்பர்களைப் பைப்புகளில் மாட்டினார்கள். தேவைப்பட்ட இடத்தில் இரண்டாம் பைப்பையும் மாற்றினார்கள்.

அழுத்தம் குறைந்த பக்கத்திலும் வரும். மாருதி 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் 1,03,311-ஐ அழைத்தது டேங்குக்கு எரிபொருள் இறங்கும் கழுத்துக் குழாய்க்காக. பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாக நிரப்பினால் வாடை வரலாம், மிஞ்சினால் கசியலாம் என்பது குறை. (ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்வது எல்லா வண்டிக்குமே நல்லது.)

வண்டி நிற்கும் வகைக்கு, மஹிந்திரா 2014-ல் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கார்பியோக்களை அழைத்தது. மாற்ற வேண்டியிருந்தது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. உள்ளங்கைக்குள் அடங்கும் பாகம். அது சரியாக மூடாவிட்டால் ரெயிலில் அழுத்தம் நிற்காது, இன்ஜெக்டர் திறக்காது, வண்டி ஆஃப்.

ராம் என்ற அமெரிக்க பிக்கப்களில் பம்பு ரீகால் என்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

இந்த விஷயத்தில் பாடமாக வைக்கத் தக்கது அதுதான், ஆகவே சற்று விரிவாக.

ராம் 2500, 3500, 4500, 5500 வண்டிகளில் வருவது 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின். 2018 வரை அதில் பாஷ் கம்பெனியின் சி.பி.3 என்ற ஹை பிரஷர் பம்பு. 2019, 2020 மாடல்களில் அதை எடுத்துவிட்டு சி.பி.4.2 வைத்தார்கள். பம்புகள் போகத் தொடங்கின, வண்டிகள் ஓட்டத்தில் நின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் விசாரணையைத் தொடங்கியது. அடுத்த மாதமே கம்பெனி 2,22,410 வண்டிகளை அழைத்தது. தீர்வு என்ன தெரியுமா? புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சி.பி.4-ஐக் கழற்றிவிட்டு, பழைய சி.பி.3-ஐயே திரும்ப மாட்டினார்கள். 2021 மாடலிலிருந்து ஃபேக்டரியிலும் சி.பி.3.

ஏன் போகிறது? சி.பி.3-இல் மூன்று பிஸ்டன், 120 டிகிரி இடைவெளியில். நடுவில் இருக்கும் எக்சென்ட்ரிக் வளையத்தின் தட்டையான முகங்கள் பிஸ்டன்களைத் தள்ளும். சி.பி.4.2-இல் இரண்டு பிஸ்டன்; கேம் ஒன்றின் மேல் ரோலர் உருண்டு, ரோலரைச் சுமக்கும் டேப்பட் மேலும் கீழும் போகும். ரோலர் கேமுக்கு நேராக நிற்கும் வரை சிக்கல் இல்லை. டீசலில் காற்று கலந்தாலோ வழவழப்பு குறைந்தாலோ டேப்பட் தன் குழியில் கொஞ்சம் திரும்பிவிடலாம். அப்புறம் ரோலர் உருளாது, கேம் மேல் குறுக்காக இழுபடும். கெட்டியான எஃகு இன்னொரு எஃகைச் சுரண்டும். மின்னும் தூள் உதிரும்.

அந்தத் தூள் பம்போடு நின்றால் பரவாயில்லை. பம்பின் கேம் அறையை நனைப்பதும், பிறகு அழுத்தமேறி இன்ஜெக்டருக்குப் போவதும் ஒரே டீசல்தான். ஆகவே தூள் ரெயிலுக்குப் போகும், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும், மீதி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்கையே அடையும். இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் குழிக்கும் இடையே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70. கணக்கு அவ்வளவுதான்.

பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாதா?

மேலே சொன்ன மாதிரியான பம்புகளில் இல்லை. டீசல்தான் ஆயில். கந்தகத்தை நீக்குவதற்காகச் சுத்திகரிப்பாலையில் ஹைட்ரஜன் ஏற்றும்போது வழவழப்பு தருகிற சில சேர்மங்களும் சேர்ந்து போய்விடுகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு). இழந்த வழவழப்பை ஈடுகட்ட ஆலையிலேயே சேர்மானம் போடுகிறார்கள். அதை அளக்கும் சோதனையில் ஒரு எஃகுக் குண்டை டீசலுக்குள் உரசவிட்டு, அதில் விழும் தேய்மானத் தழும்பின் அகலத்தைப் பார்ப்பார்கள். தழும்பு பெரிதென்றால் டீசல் வறண்டது. இந்திய, ஐரோப்பியத் தரத்தில் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் 520 வரை விடுகிறார்கள். ஐரோப்பாவை மனத்தில் வைத்து வடிவமைத்த பம்பு அமெரிக்காவில் அதிகம் திணறியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

பி.எஸ்.6 டீசல் பம்பைக் கெடுக்கும் என்று பயந்து டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ஆயிலின் சாம்பல், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரில் போய் அடையும். வாரண்டியை மறுக்க அவர்கள் கையில் நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்ததாகவும் ஆகும்.

அதே பம்பு வேறு கம்பெனி வண்டியிலும் இருந்ததே, அவர்களுக்கும் ரீகால் வந்ததா?

வரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் 2011–2016 டியூராமேக்ஸ் இன்ஜினிலும் சி.பி.4.2 இருந்தது. அங்கே உரிமையாளர்கள் கூட்டு வழக்குப் போட்டு 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2017-லிருந்து அவர்கள் டென்சோ பம்புக்கு மாறினார்கள். பாகம் ஒன்று, கிடைத்த வழி வேறு. ஆகவே 'அந்த வண்டிக்கு வந்தது, எனக்கும் தா' என்பது மட்டும் வாதமாக நிற்காது. உங்கள் மாடலில், உங்கள் தயாரிப்புக் காலத்தில், ஆபத்து உண்டானது என்று காட்ட வேண்டும்.

இந்தியாவில் ரீகாலுக்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2012 முதல் கம்பெனிகளின் சங்கமான சியாம் வகுத்த தன்னார்வ நெறிமுறை மட்டுமே இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தன. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ கேடு செய்யக்கூடிய குறை என்றால் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். ஒரு மாடலின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டு எத்தனை புகார் வந்தால் விசாரணை என்று விதிகளில் வரம்பு இருக்கிறது. கம்பெனி குறையைச் சரிசெய்ய வேண்டும், அல்லது வண்டியை மாற்றித்தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். கட்டாய ரீகால் என்றால் வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

விதிகள் தயாரிப்புத் தேதியிலிருந்து 7 ஆண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்கானவை. பழைய வண்டிக்கு கம்பெனி தானாக ரீகால் செய்வதை இது தடுக்காது.

நடைமுறையில் இங்கே நடப்பவை பெரும்பாலும் தன்னார்வ ரீகால்களே. அறிவிப்பில் 'ரீகால்' என்ற சொல்லையே தேட வேண்டியிருக்கும்; 'முன்னெச்சரிக்கை ஆய்வு', 'சர்வீஸ் கேம்பெயின்' என்றெல்லாம் எழுதுவார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், எந்தப் பாகம், எந்தத் தேதி வண்டி என்று பாருங்கள்.

என் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சேசிஸ் எண் வேண்டும். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது, ஆர்.சி.யில் இருக்கும். ஆர்.சி. கையில் இல்லையென்றால் முன் கண்ணாடியின் கீழ் மூலையிலோ, டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய பட்டையிலோ பாருங்கள். ஓ, ஐ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. வந்த மாதிரித் தெரிந்தால் அது பூஜ்ஜியம் அல்லது ஒன்று.

கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெயின் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். சியாம் தளத்திலும் தன்னார்வ ரீகால் பட்டியல் உண்டு. மாடல் பெயர் மட்டும் வரும், உங்கள் வண்டி என்று உறுதியாகாது. அடுத்து சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தச் சேசிஸ் எண்ணுக்கு நிலுவையில் கேம்பெயின் உண்டா என்று கேளுங்கள். போனில் கேட்டால் 'இல்லை சார்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் கணினியைத் திறந்து பார்ப்பார்கள்.

பலர் தவறும் இடம் தேதி. ரீகால் போவது தயாரிப்புத் தேதியைக் கொண்டு. ரெஜிஸ்ட்ரேஷன் தேதியைக் கொண்டு அல்ல. டிசம்பரில் தயாராகி ஷோரூம் யார்டில் நின்று மார்ச்சில் பதிவான வண்டி டிசம்பர் வண்டிதான். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எனக்கும் உண்டா?

உண்டு. ரீகால் வண்டியோடு போகிறது, ஆளோடு அல்ல. ஆனால் கடிதமும் குறுஞ்செய்தியும் பழைய உரிமையாளரின் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். பெயர் மாற்றியதும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் உங்கள் மொபைல் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

ரீகால் என்று சொல்லிவிட்டார்கள், 'பார்ட்ஸ் வரவில்லை' என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

குறையைப் பொறுத்தது.

கசிவு என்றால் ஓட்டாதீர்கள். டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்று ஒரு தைரியம் நம் ஊரில் உண்டு. தரையில் சிந்திய டீசலுக்கு அது ஓரளவு சரி. 1,600 பாருக்கு (காற்றழுத்தத்தின் ஏறக்குறைய 1,600 மடங்கு) மேல் அழுத்தத்தில் மயிரிழை விரிசல் வழியாகப் பீறிடும் டீசல் புகை மாதிரி வரும். டர்போவின் சூடான பகுதி 500 டிகிரிக்கு மேல் போகும். டீசல் தானாகப் பற்ற 200 டிகிரிக்குச் சற்று மேல் போதும். தீப்பொறிகூட வேண்டாம். வண்டியை எடுத்துப்போகக் கம்பெனியே கிரேன் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

நிற்கும் வகை என்றால், அறிகுறி ஏதும் இல்லாதவரை அவசியப் பயணம் போகலாம். டேங்கைக் கால்வாசிக்குக் கீழே இறக்காதீர்கள். டீசல் குறைந்த டேங்கில் வளைவிலும் மேட்டிலும் பம்பு காற்றை உறிஞ்சும். மலைப்பாதை, இரவு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

பம்பு போகப் போகிறது என்று முன்னாலேயே தெரியுமா?

சில வண்டிகளில் ஓரளவு தெரியும், சிலவற்றில் தெரியவே தெரியாது. காலையில் செல்ஃப் வழக்கத்தைவிட நீளமாக அடிக்க வேண்டியிருப்பது, மேட்டில் பிக்கப் சட்டென்று விழுவது, சூடான இன்ஜின் ஆஃப் ஆகித் திரும்ப எடுக்க மறுப்பது, பம்பு பக்கம் புதிதாக ஒரு கீச்சொலி. ஸ்கேனரில் பி 0087 வந்தால் ரெயில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். அது ஃபில்டர் அடைப்பிலும் வரும், ஆகவே அந்தக் குறியீட்டை மட்டும் வைத்துப் பம்பைக் குறை சொல்ல முடியாது. ஃபில்டர் மாற்றி ஒரு வாரத்துக்குள் மறுபடி வந்தால் சந்தேகம் பம்பின் மேல் போகட்டும்.

இன்ஜெக்டர் ஒழுகினால் வேறு ஒரு தடயம்: ஆயில் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறும், முகர்ந்தால் டீசல் வாடை. டி.பி.எஃப். சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும் வண்டியிலும் ஏறும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கசிகிறதா என்று நானே பார்க்கலாமா?

கண்ணால் பார்க்கலாம், கையால் தடவக் கூடாது. இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பின் அருகே விரலைக் கொண்டுபோனால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி நடந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய் 'அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது' என்று அந்தச் சொல்லிலேயே சொல்லுங்கள். தாமதமானால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும்.

பார்க்க வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, டார்ச் அடித்து நட்டுகளைச் சுற்றி ஈரம், தூசி ஒட்டிய கறுப்பு வளையம் உள்ளதா என்று பாருங்கள். ஒரு வெள்ளை அட்டையை அடியில் இரவு முழுக்க வைத்தால் சொட்டு விழுந்த இடம் காலையில் தெரியும்.

ஓடும்போதே இன்ஜின் நின்றுவிட்டால்?

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி வையுங்கள். விட்டு விட்டு அழுத்தினால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தலில் தீரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஹஸார்டு போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். சாவியை முழுதாக ஆஃப் செய்யாதீர்கள், வண்டி நிற்கும் முன் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்ற பிறகு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்க வேண்டாம். பம்பு உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் தூளை இன்ஜெக்டருக்கு அனுப்பும்.

பம்பை மட்டும் மாற்றித் தந்தார்கள். போதுமா?

பம்பு முழுசாக இருந்து, முன்னெச்சரிக்கையாக மாற்றியிருந்தால் போதும். உள்ளே உரசி உடைந்த பம்பு என்றால் போதாது. இங்கேதான் ரீகால் வேலையின் தரம் தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது சோதனை. பம்பின் மேல் உள்ள, டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வைக் கழற்றினால் பல மாடல்களில் அதன் முனையில் சல்லடை இருக்கும். வெள்ளைத் துணியில் ஒற்றி வெயிலில் பிடித்தால் வெள்ளி மினுக்கு தெரியும். அடுத்தது ஃபில்டர்: அதிலுள்ள டீசலைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கி, அடியில் காந்தத்தை வைத்து அசைத்தால் இரும்புத் தூள் கோடு போட்ட மாதிரி கூடும். மினுக்கு தெரிந்துவிட்டால் பின்வருபவை எல்லாம் வேலையில் சேர வேண்டும்:

- பம்பும் அதன் மீட்டரிங் வால்வும்
- எல்லா இன்ஜெக்டர்களும்
- ரெயில், அதிலுள்ள சென்சர், பிரஷர் வால்வு
- ஹை பிரஷர் பைப்புகள். பல மாடல்களில் ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது
- ரிட்டர்ன் லைன்
- ஃபில்டர், டேங்குக்குள் இருந்து டீசலை முன்னே அனுப்பும் லிஃப்ட் பம்பு
- டேங்கைக் கீழே இறக்கிக் கழுவுதல், லோ பிரஷர் லைனை ஃப்ளஷ் செய்தல்

டேங்கைக் கழுவாமல் விடுவது அடிக்கடி நடக்கும் சிக்கனம். தூள் அங்கேதான் குடியிருக்கும். புதுப் பம்பும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே கதிக்குப் போகும்.

புது இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருத்தக் குறியீடு பொறித்திருக்கும். அதை எந்தச் சிலிண்டரோ அந்தச் சிலிண்டருக்கு ஈ.சி.யு.வில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்ற வேண்டும். மறந்தால் ஐடிலில் ஆட்டம், புகை. கடைசியாக, முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஏர் எடுப்பது. சாவியை ஆன் செய்து லிஃப்ட் பம்பு ஓடி நிற்கும் வரை விட்டு ஆஃப் செய்வது, இப்படிப் பலமுறை. கை பிரைமர் உள்ள வண்டியில் அது கெட்டியாகும் வரை அமுக்குவது. உலர்ந்த பம்பை செல்ஃபில் சுற்றினால் பெட்டியிலிருந்து எடுத்த பம்பும் அங்கேயே காயப்பட்டுவிடும்.

ஜாப் கார்டில் என்ன இருக்க வேண்டும்?

கேம்பெயின் எண், மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பார்ட் நம்பர், டேங்க் கழுவியதா இல்லையா, தேதி, கிலோமீட்டர். 'ரீகால் வேலை முடிந்தது' என்று ஒற்றை வரி போட்டால் வாங்காதீர்கள். கழற்றிய பம்பை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தைப் பெரும்பாலும் தரமாட்டார்கள், ஆய்வுக்குக் கம்பெனிக்கு அனுப்புவார்கள்.

சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றா?

எப்போதும் அல்ல. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கணக்கில் பிழை என்றால் சாஃப்ட்வேர்தான் சரியான மருந்து. ஆனால் இரும்பில் உள்ள குறையை சாஃப்ட்வேர் ஆற்றாது. அதிகபட்சம் சீக்கிரம் எச்சரிக்கும், அல்லது அழுத்தத்தைக் குறைத்துத் தேய்மானத்தைத் தள்ளிப்போடும். எந்தக் குறைக்கு எந்தத் தீர்வு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

'கலப்பட டீசல் போட்டிருக்கிறீர்கள், கம்பெனி பொறுப்பில்லை' என்கிறார்கள்.

பம்பு விஷயத்தில் முதலில் வரும் பதில் இதுதான். சில நேரம் அது உண்மை: தண்ணீர் கலந்த டீசலில் பம்புக்குள் துரு பிடித்திருக்கும், ஃபில்டர் கிண்ணத்தில் அடியில் நீர் நிற்கும், தண்ணீர் விளக்கு எரிந்த பதிவு ஈ.சி.யு.வில் இருக்கும். மூன்றும் இல்லாமல், துருவே இல்லாத பம்பில் மினுக்குத் தூள் மட்டும் இருந்தால், அது தண்ணீரின் வேலை அல்ல. 'டீசலைச் சோதித்த லேப் அறிக்கை எங்கே?' என்று கேளுங்கள். தரத்தின்படி கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீருக்கு அனுமதி உண்டு. எவ்வளவு இருந்தது என்று அறிக்கை சொல்ல வேண்டும், மெக்கானிக்கின் மூக்கு அல்ல.

டேங்கிலிருந்து எடுக்கும்போதே ஒரு லிட்டர் சுத்தமான அலுமினிய டப்பாவில் உங்கள் முன்னிலையில் பிடித்து, மூடி சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பங்க் பில்லை எடுத்து வையுங்கள். பங்க்கில் டென்சிட்டியைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 15 டிகிரிக்கு மாற்றிய அளவு அன்றைய பதிவிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் சந்தேகப்படலாம்.

இன்னொரு விஷயம். ரீகால் பட்டியலில் உங்கள் சேசிஸ் எண் இருந்தால் இந்த வாதத்துக்கே பெரிய இடமில்லை. குறை அந்தப் பாகத்தில் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டாயிற்று.

கெட்ட டீசலுக்காக ஒரு கம்பெனியே ரீகால் செய்தது உண்டா?

உண்டு. 2021-ல் மஹிந்திராவின் நாசிக் ஆலைக்கு ஒரு நாள் வந்து இறங்கிய டீசல் மாசுபட்டிருந்தது. அதை நிரப்பிய வண்டிகளில் இன்ஜின் பாகங்கள் சீக்கிரம் தேயலாம் என்று ஜூன் 21 முதல் ஜூலை 2 வரை தயாரான 600-க்கும் குறைவான வண்டிகளை அழைத்தார்கள். ஆய்வு செய்து டீசல் இன்ஜினை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஒரு லோடு டீசலுக்கு இத்தனை.

ரீகால் வருவதற்கு முன்பே காசு கொடுத்து மாற்றிவிட்டேன்.

திரும்பக் கேளுங்கள். அமெரிக்காவில் இதற்கு முறையான ஏற்பாடு உண்டு. இங்கே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பில், ஜாப் கார்டு, பார்ட் நம்பர், சேசிஸ் எண் நான்கையும் இணைத்துத் தலைமை அலுவலக வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். வெளி ஷெட்டில் பில் இல்லாமல் செய்த வேலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

ரீகால் இல்லை, ஆனால் இரண்டு முறை நடுரோட்டில் நின்றுவிட்டது. யாரிடம் சொல்வது?

கம்பெனிக்கு எழுத்தில் சொன்ன பிறகு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உள்ள வாகன ரீகால் பகுதியில் புகாரைப் பதியுங்கள். எழுதும் விதம் முக்கியம். 'மைலேஜ் இல்லை, சர்வீஸ் மோசம்' என்று தொடங்கினால் அது அங்கேயே படுத்துவிடும். இப்படி எழுதுங்கள்: 'இந்தத் தேதி, இந்தச் சாலை, ஏறக்குறைய 80 கி.மீ. வேகம், எச்சரிக்கை விளக்கு இன்றி இன்ஜின் நின்றது, ஸ்டியரிங் கனமானது, பின்னால் லாரி வந்தது, ஸ்கேனரில் பி 0087, ஓடியது 41,000 கி.மீ.' ஸ்கேன் அறிக்கையின் படத்தை இணையுங்கள். அழிக்கும் முன் எடுத்த அறிக்கையாக இருக்க வேண்டும். ஷெட்டில் முதல் வேலையாக எரரை அழித்துவிடுவார்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் அது தனி வழி. நுகர்வோர் உதவி எண் 1915. தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கே போகலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடம் கேட்கலாம். ஆகவே கெட்ட பம்பைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்.

இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்கிய ரீகண்டிஷன் வண்டி. எங்கே பார்ப்பது?

ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க எண் இருக்காது. மாடல் குறியும் நடுவில் கோடும் தொடர் எண்ணும் சேர்ந்த சேசிஸ் எண். அதை அந்தக் கம்பெனியின் ஜப்பான் தளத்தில் உள்ள ரீகால் பக்கத்தில் போட வேண்டும். உலகத் தளத்தில் போட்டால் 'எண் தவறு' என்று வரும். நிலுவை இருப்பதாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்தை அச்சிட்டு உள்ளூர் முகவரிடம் கொண்டுபோய், இலவசமா இல்லையா என்பதை வேலைக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

ரீகால் வேலையை வெளி மெக்கானிக்கிடம் செய்யலாமா?

வேலை தெரிந்தவரிடம் செய்யலாம், காசு உங்களுடையது. கம்பெனிக் கணினியில் அந்த எண்ணுக்கு ரீகால் 'நிலுவை' என்றே நிற்கும். விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் பார்ப்பார்.